அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளில் விசைச் சீரமைப்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பழைய படைத்துறைத் துப்பாக்கிகளை வேட்டைக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ளும் வழக்கம் பெருகியது. ஜெர்மனியின் மவுசர் 98, அமெரிக்கப் படையின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு, 1917 என்ஃபீல்டு ஆகியவை மலிவாகக் கிடைத்தன. வாங்கியவர்கள் அருகில் இருந்த துப்பாக்கிக் கம்மியரைத் தேடிச் சென்றனர். அவர்கள் அதிகம் குறைபட்டுக்கொண்டது டிரிக்கர் எனப்படும் விசையைப் பற்றித்தான்.

மவுசர் விசையின் மேற்புறத்தில் இரண்டு மேடுகள் உண்டு. முதல் மேடு தாங்கும்வரை விசை இலகுவாக நகரும். இரண்டாவது மேடு முட்டிய பின் மேலும் அழுத்தினால்தான் அடிமுள் விடுபட்டுக் குண்டு வெடிக்கும். இதைக் குறை என்று சொல்வது சரியன்று. பதற்றத்தில் இருக்கும் போர்வீரரின் கையில் துப்பாக்கி தவறி வெடிக்காதிருக்கவே அப்படி அமைத்தனர். தொலைவில் நிற்கும் மானைக் குறிபார்ப்பவருக்கோ அதுவே இடையூறு. நான்கு கிலோ எடையுள்ள துப்பாக்கியின் விசையை மூன்று கிலோ அழுத்தம் கொடுத்து இழுத்தால் குழல் அசையாமல் என்ன செய்யும்?

அடிமுள்ளைப் பிடித்து நிறுத்துபவை ஒன்றையொன்று கவ்வும் இரு எஃகு முகப்புகள். கம்மியர் அவற்றை எண்ணெய்க் கல்லில் தேய்த்து வழவழப்பாக்குவார். ஆனால் அந்த எஃகின் கடினப்பட்ட மேற்தோல் மெல்லியது. அதைத் தாண்டித் தேய்த்துவிட்டால் உள்ளிருக்கும் மென்மையான பகுதி நாளடைவில் தேய்ந்துபோகும். பிறகு பூட்டை அடைக்கும்போதோ துப்பாக்கி தரையில் இடிபடும்போதோ தானாகவே வெடிக்கலாம். வேலை கெட்டது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாது. பட்டறையை விட்டு வரும் நாளில் விசை அருமையாகவே இருக்கும். அதனால் நல்ல கம்மியர் குண்டில்லாத துப்பாக்கியின் பூட்டைப் பலமுறை ஓங்கி அடைத்தும், கட்டையைத் தரையில் தட்டியும், பாதுகாப்புப் பூட்டைச் சோதித்தும் பார்த்த பிறகே திருப்பிக் கொடுப்பார்.

இத்தகையவர் எல்லா ஊரிலும் கிடைக்கவில்லை. ஐடஹோவின் லூயிஸ்டனில் வாழ்ந்த புகழ்பெற்ற வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர்கூடத் தம் துப்பாக்கிகளைச் சுமார் 100 மைல் தொலைவிலிருந்த ஸ்போகேன் நகரின் ஆல் பீசனிடம் கொடுத்தே செய்வித்தார்.

முன்பு இத்தொழிலை மூத்த கம்மியரிடம் இருந்து கற்க வேண்டியிருந்தது. 1947-இல் கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் இதற்கெனப் படிப்பு தொடங்கியது, பி.ஓ. ஆக்லி அங்கு கற்பித்தார். 1944-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்னாள் படைவீரர்களுக்கு அரசின் கல்வி உதவியும் கிடைத்தது.

இதற்கிடையே 1946-இல் தொடங்கிய டிம்னி நிறுவனம் முழு விசைத் தொகுதியையே தயாரித்து விற்றது. கல்லில் தேய்ப்பது குறைந்து, வாங்கிய தொகுதியைப் பொருத்திச் சரிபார்ப்பது கம்மியரின் வேலையாயிற்று. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் படைத்துறைத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்ததும் மலிவான மவுசர் வரத்து நின்றது. அன்று யாரும் கைவைக்காமல் விட்ட ஸ்பிரிங்ஃபீல்டுகளுக்குத்தான் இன்று சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகின்றனர்.