நகரமும் அதன் வெளியும்

வளரும் நகரத்தைக் கணிப்பொறிக்குள் வளர்த்துப் பார்க்கும் முயற்சிகளில் இரண்டு நம் கவனத்துக்குரியவை. ஒன்று ஜே ஃபாரஸ்டரின் 'அர்பன் டைனமிக்ஸ்' (1969). மற்றது வால்டோ டோப்ளர் டெட்ராய்ட் பிரதேசத்தை வைத்துச் செய்த சலனப்படம் (1970). இவற்றின் தொழில்நுட்பப் பெருமை நமக்கு முக்கியமில்லை. நகரத்தைப் பற்றிய இரண்டு புனைவுகளாக இவற்றை வாசிக்க முடியும். எந்தப் புனைவையும் போல இவையும் எதை உள்ளே விட்டன, எதை வாசலில் நிறுத்தின என்று கேட்கவேண்டியிருக்கிறது.

ஃபாரஸ்டர் எம்.ஐ.டி.யில் பேராசிரியர். தொழிற்சாலைகளின் ஏற்ற இறக்கங்களைக் கணிப்பொறியில் ஆராய்ந்தவர். 1968ல் பாஸ்டன் மேயர் பதவியிலிருந்து இறங்கிய ஜான் காலின்ஸ் அதே கல்விக்கூடத்துக்கு வந்து சேர, அவருடனும் அவர் அழைத்துவந்த அனுபவஸ்தர்களுடனும் நடந்த பேச்சுகளிலிருந்து மாதிரி உருவாயிற்று. இந்த நகரத்துக்குத் தெருக்கள் கிடையாது. 1 லட்சம் ஏக்கர் நிலம். மூன்று வகைத் தொழில், மூன்று வகை வீடு, மூன்று வகை மனிதர். காலி நிலத்தில் தொடங்கி 250 வருஷம் ஓடுகிறது. வளர்கிறது, நிலம் நிரம்புகிறது, தேங்குகிறது. ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டிக்கொடுத்தால் தேக்கம் அதிகமாகிறது. ஆண்டுக்கு 5 சதவீதம் சேரி வீடுகளை இடித்துப் புதுத் தொழிலுக்கு இடம் விட்டால் நகரம் பிழைக்கிறது. இதுதான் முடிவு.

இடிக்கப்பட்ட வீட்டுக்காரர் எங்கே போகிறார்? 'வெளி'க்குப் போகிறார். ஃபாரஸ்டரின் நகரத்தைச் சுற்றி எல்லையற்ற ஒரு வெளி இருக்கிறது. நகரம் கவர்ச்சியாக இருந்தால் அங்கிருந்து ஆட்கள் வருவார்கள், கசந்தால் திரும்பிப் போவார்கள். எத்தனை பேர் போனாலும் வந்தாலும் அந்த வெளி மாறுவதில்லை. நகரத்தின் ஆரோக்கியம் இந்த ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டோப்ளர் இதைவிட அடக்கமானவர். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்தார். ஒரு கட்டத்தின் ஜனத்தொகை அதன் அண்டைக் கட்டங்களைச் சார்ந்தது. அருகிலிருப்பதன் பாதிப்பு தூரத்திலிருப்பதைவிட அதிகம். வருஷங்கள் சுருங்கி, ஜனத்தொகை மேடாக எழுவதைப் படம் காட்டிற்று. தரிசனத்துக்கான கருவி என்பதற்கு மேல் அவர் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் டெட்ராய்ட்டில் அருகாமை என்பதே சிக்கலான விஷயம். எட்டாம் மைல் சாலையின் இருபுறமும் பக்கத்துக் கட்டங்கள்தாம். நடுவில் நிறவெறி ஓடியது. 1950ல் சுமார் 18.5 லட்சமாக இருந்த நகரத்தின் ஜனத்தொகை 2000ல் 9.5 லட்சம். தொகையை மட்டும் எண்ணும் விதியில் இந்தச் சாலைக்கு இடமில்லை.

நம் கரைக்கு வருவோம். கொற்கை பாண்டியரின் முத்துத்துறை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட, இன்று அது உள்நாட்டுக் கிராமம். அடுத்து எழுந்த காயலை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டார், அதுவும் ஒடுங்கிற்று. பிறகு போர்த்துக்கீசியர் காலத்துப் புன்னைக்காயல், தூத்துக்குடி. முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது; 1974ல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. இந்த வரலாற்றில் 'மாறாத வெளி' எங்கே? நதியும் சிப்பியும் கடலும் நகரத்துக்கு வெளியே இருந்துகொண்டு அதன் விதியை எழுதியிருக்கின்றன.

வங்கியில் தலைப்புத் தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைக்கிறோம். அது யாருடையது என்று என்றாவது ஒருநாள் பதில் சொல்லியாகவேண்டும். ஃபாரஸ்டரின் வெளிக்கு அந்தக் கடமை கிடையாது.

ஃபாரஸ்டரைப் படித்த வில் ரைட் 1989ல் 'சிம்சிட்டி' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். ஒரு தலைமுறை விளையாட்டாக மேயர் ஆயிற்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டி.வி. ராமச்சந்திராவும் சகாக்களும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நம் நகரங்களின் பரவலைக் கட்டம் கட்டமாகக் கணித்திருக்கிறார்கள். பெங்களூருக்கு அவர்கள் நிர்வாக எல்லைக்கு அப்பால் 10 கிலோமீட்டரையும் சேர்த்துக்கொண்டது நேர்மையான காரியம். வெளி ஓரளவு உள்ளே வந்திருக்கிறது.

தூத்துக்குடிக்கு அப்படி ஒரு மாதிரி செய்தாலும் திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிற ஆலந்தலை அந்த 10 கிலோமீட்டருக்குள் வராது. மாதிரியைப் பொறுத்தவரை அது ஆட்களை அனுப்பும், திருப்பி வாங்கிக்கொள்ளும். அதற்கென்று தேக்கமோ வளர்ச்சியோ இல்லை. முத்துக்குளித்துறையின் பழைய கடற்துறைகளில் ஒன்று அது.