வேற்றுலக மாந்தரைப் படைத்தோர்

மண்ணுலகில் காணாத மக்களைப் படைத்துக் காட்டும் ஆசை கதைசொல்லிகளிடம் மிகப் பழங்காலந்தொட்டே இருந்துவருகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய லூசியன், நிலவில் வாழ்வோரும் கதிரவனில் வாழ்வோரும் விடிவெள்ளியில் குடியேறும் உரிமைக்காகப் போரிட்டதாக ஒரு கதை புனைந்தார். அவருடைய நிலவு மாந்தர் கண்களைக் கழற்றி வைத்துக்கொள்வர். தவளையைச் சுட்டு அதன் புகையை உண்பர். தாம் எழுதுவது முழுப் பொய் என்று நூலின் தொடக்கத்திலேயே அவர் அறிவித்துவிடுகிறார். நம்பத்தகாத பயணக் கதைகளை மெய்போல் எழுதிய முன்னோரை எள்ளுவதே அவர் நோக்கம். ஆதலின் அவருடைய நிலவில் எதற்கும் காரணம் தேடுதல் வீண்.

காரணம் காட்டி எழுதியவர், கோள்களின் இயக்க விதிகளைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் யோகான்னஸ் கெப்ளர். 1593-இல் தூபிங்கன் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, நிலவில் நிற்பவனுக்கு வானம் எவ்வாறு தோன்றும் என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை வரைந்தார். 1609-இல் அதனைக் கதையாக்கினார். 'கனவு' எனப் பொருள்படும் 'சோம்னியம்' என்பது அதன் பெயர்.

தொல்காப்பியம் பயின்றோர்க்கு இந்நூலின் அமைப்பு புதிதாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றினின்று உணவு, விலங்கு, மரம், தொழில் முதலிய கருப்பொருள்கள். அவற்றோடு இயைந்து மக்களின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் என்பது நம் இலக்கணம் வகுத்த முறை. கெப்ளர் தொல்காப்பியரை அறிந்தவர் அல்லர். ஆயினும் முதற்பொருளிலேயே தொடங்குகிறார். நிலவில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் நமக்கு ஒரு திங்கள். பகலின் வெம்மையும் இரவின் குளிரும் இரு வாரம் இரு வாரமாக நீடிப்பன. நிலவின் ஒரு பாதியில் வாழ்வோர்க்கு நம் பூமி எப்பொழுதும் தலைக்கு மேல் தெரியும். அது சுழல்வதை அவர்கள் கண்ணாற் காண்பதால் அதற்கு 'வோல்வா' என்று பெயரிட்டனர். மறு பாதியில் இருப்போர் பூமியைக் கண்டதே இல்லை. இத்தகைய நிலத்தில் உயிர்கள் எவ்வாறு இருக்கும்? பேருருவம் கொண்டு, விரைந்து வளர்ந்து விரைந்து மடியும்; நிலையான குடியிருப்பு இன்றிக் கூட்டங்கூட்டமாய் அலையும்; வெயில் தாக்கும்போது குகைகளிலும் ஆழ்ந்த நீரிலும் ஒளியும். ஒவ்வொன்றும் பகலின் நீளத்திலிருந்து பிறந்த முடிவு. ஆனால் கெப்ளர் உரிப்பொருளைத் தொடவில்லை. அவருடைய நிலவு உயிர்கள் ஒன்றோடொன்று என்ன பேசின, எதற்கு அஞ்சின என்பதை அந்நூல் கூறாது.

கற்பனைக்கு அவர் தந்த விலை பெரிது. கதைத் தலைவனின் தாய் மூலிகைகள் விற்பவள், ஆவிகளோடு உரையாடுபவள், நிலவுக்குச் செல்லும் வழியைக் காட்டுபவளும் அவளே. 1615-இல் கெப்ளரின் சொந்தத் தாய் கத்தரீனா மீது சூனியக்காரி என்ற பழி எழுந்தது. 1620-இல் சிறைப்பட்ட அம்முதியவள் பதினான்கு திங்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தாள். மகனே முன்நின்று வாதாடி 1621-இல் மீட்டார். அடுத்த ஆண்டே அவள் இறந்தாள். அண்டை அயலாரின் பகைமையிலேயே அப்பழி முளைத்தது எனினும், தம் கதையின் கையெழுத்துப் படி தகாதவர் கையில் சிக்கியதும் ஒரு காரணம் என்று கெப்ளர் நம்பினார். கதையில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் விளக்கம் தந்து, பிற்காலத்தில் 223 குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். குறிப்புகள் கதையைவிட நீண்டுவிட்டன. 1630-இல் அவர் மறைந்தார். நூல் 1634-இல் அவர் மகனால் வெளியிடப்பெற்றது.

கெப்ளர் தொடாமல் விட்ட பகுதியை எச். ஜி. வெல்ஸ் தொட்டார். 1884-இல் இலண்டனில் ஹக்ஸ்லி என்னும் உயிரியல் பேரறிஞரிடம் பாடங்கேட்டவர் அவர். 1898-இல் நூலாக வந்த 'உலகங்களின் போர்' என்னும் புதினத்தில் செவ்வாய்க் கோளினர் பூமியின் மீது படையெடுக்கின்றனர். பெருந்தலையும் விழுதுபோன்ற கைகளும் கொண்ட அவர்களுக்குச் செரிமான உறுப்புகள் இல்லை. பிற உயிர்களின் குருதியைத் தம் உடலில் செலுத்திக்கொள்வர். செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. ஆதலின் பூமிக்கு வந்ததும் தம் உடற்சுமை தாங்காது தள்ளாடுகின்றனர். உடலமைப்பில் எல்லாம் பொருந்திவருகின்றன. எனினும் ஒரு பண்பாடு என்ற அளவில் இவர்கள் வெறுமையானவர்கள். போர் ஒன்றைத் தவிர அவர்களிடம் எதுவும் காணப்படவில்லை.

இக்குறை ஓரளவு வேண்டுமென்றே நேர்ந்தது எனலாம். தாஸ்மேனியத் தீவின் பழங்குடியினர்க்கு ஐரோப்பியர் இழைத்த கொடுமையைப் பற்றித் தம் தமையனோடு உரையாடியபோதே இக்கதையின் கரு வெல்ஸுக்குத் தோன்றிற்று. படையெடுத்து வருபவன் தன் வீட்டில் எப்படி வாழ்கிறான் என்பது அழிக்கப்படும் மக்களுக்குத் தெரியாதல்லவா? நூலின் முதல் அதிகாரத்திலேயே தாஸ்மேனியரை வெல்ஸ் நினைவூட்டுகிறார். ஆனால் ஒன்றை ஈண்டுச் சொல்லவேண்டும். அவர்கள் ஐம்பதாண்டுகளில் அடியோடு துடைத்தொழிக்கப்பட்டனர் என்று அவர் எழுதிவிட்டார். அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் உள்ளனர். தம் முன்னோர்க்காக இரங்கி எழுதப்பட்ட நூலிலேயே தாம் இல்லாதவர்களாக ஆக்கப்பட்டதை அவர்கள் படிக்க நேர்ந்தது.

1901-இல் வெளிவந்த 'நிலவில் முதல் மனிதர்' இதனினும் சிறந்த படைப்பு. அதில் நிலவுக்கு உள்ளே எறும்புப் புற்றைப் போன்ற ஒரு சமுதாயம் இயங்குகிறது. ஒவ்வொருவரும் ஒரு தொழிலுக்கென்றே உருவாக்கப்படுகின்றனர். இயந்திரம் இயக்கவேண்டிய இளங்குழந்தைகளைச் சாடியில் அடைத்து, கை மட்டும் வெளியே நீட்டியிருக்க வளர்க்கின்றனர். இதனைக் காணும் மனிதன் முதலில் மனம் நடுங்குகிறான். பின்னர், குழந்தைகளை மனிதராக வளரவிட்டு அதன்பின் இயந்திரமாக்கும் பூமியின் வழக்கத்தைவிட இது இரக்கமுள்ளது என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். அந்நாளைய ஆலைகளில் சிறுவர் பட்ட பாட்டை அறிந்தோர் அப்பக்கத்தை எளிதில் கடந்திருக்க முடியாது.

அடுத்த முப்பதாண்டுகளில் வந்த வேற்றுக்கோள் கதைகளுள் பெரும்பாலானவற்றில் அரக்கர்களே நிறைந்திருந்தனர். அவற்றைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. 1934-இல் ஸ்டான்லி வெயின்பாம் என்னும் அமெரிக்கர் எழுதிய 'செவ்வாயில் ஒரு பயணம்' என்னும் சிறுகதையே திருப்பமாயிற்று. அதில் வரும் ட்வீல் என்னும் பறவைபோன்ற உயிர் பகைவனும் அன்று, பணியாளும் அன்று. மனிதனுடைய சில சொற்களைக் கற்றுக்கொள்கிறது; அதன் மொழியையோ மனிதனால் கற்க முடியவில்லை.

முதற்பொருளிலிருந்து உரிப்பொருள் வரை தவறாமல் நடந்து காட்டியவர் ஒரு பள்ளியாசிரியர் என்பது ஆசிரியப் பெருமக்களுக்கு மகிழ்வூட்டும் செய்தி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளியொன்றில் வேதியியல் கற்பித்த ஹாரி ஸ்டப்ஸ், ஹால் கிளமெண்ட் என்னும் புனைபெயரில் 1953-இல் எழுதிய தொடர்கதையில் மெஸ்கிளின் என்ற கோளைப் படைத்தார். மிக விரைந்து சுழல்வதால் அது தட்டையாகிவிட்ட கோள். ஒரு நாள் ஏறத்தாழ பதினெட்டு நிமிடம். ஈர்ப்பு, நடுக்கோட்டில் பூமியைப் போல் மூன்று மடங்கு. துருவத்தில் ஏறத்தாழ எழுநூறு மடங்கு. அங்கு வாழ்வோர் பூரான் வடிவினர். ஒன்றேகால் அடி நீளத்தவர். விரலளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அவர்களுக்குச் சாவுதான். ஆதலின் உயரத்தை எண்ணினாலே நடுங்குவர். தலைக்கு மேல் கனமான பொருள் இருக்கப் பொறார். பொருளை எறிதல் என்ற எண்ணமே அவர்களிடம் இல்லை. கையை விட்டால் பொருள் கண்ணுக்குத் தெரியாமல் தரையில் மோதிவிடும். நிலம் அச்சத்தைத் தந்தது. அச்சம் பழக்கத்தைத் தந்தது. எனினும் அவர்களுடைய கப்பல் தலைவன் மனிதரிடம் இறுதியில் பொன்னோ கருவியோ கேட்கவில்லை; அறிவியலைக் கற்பிக்கவேண்டும் என்கிறான்.

எண்களால் அடைய முடியாத இடத்தை அடைந்தவர் அர்சுலா லெ குவின் அம்மையார். அவர் தந்தை ஆல்பிரட் குரோபர், கலிபோர்னியாவின் தொல்குடியினரை ஆய்ந்த மானிடவியல் பேராசிரியர். 1911-இல் யாகி என்னும் குடியின் கடைசி மனிதர் பசியோடு காட்டைவிட்டு வெளியே வந்தபோது, அவரைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்துப் பேணியவர்களுள் குரோபரும் ஒருவர். தம் பெயரைத் தாமே சொல்லலாகாது என்பது அம்மனிதரின் குல வழக்கம். அதனால் அவர் மொழியில் மனிதன் என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லே அவர் பெயராயிற்று. 1916-இல் காசநோயால் அவர் இறந்தார். 1929-இல் பிறந்த லெ குவின் அவரைக் கண்டதில்லை. 1961-இல் அவர் வரலாற்றை நூலாக எழுதியவர் லெ குவினின் தாய் தியோடோரா. ஒரு மனிதர் இறந்தால் ஒரு மொழியும் அதன் பாட்டும் மறையும் என்பதை அறிந்த குடும்பம் அது.

1969-இல் லெ குவின் எழுதிய 'இருளின் இடக்கை' என்னும் புதினத்தில், பனி சூழ்ந்த கெத்தன் என்ற கோளின் மக்கள் ஆணுமல்லர், பெண்ணுமல்லர். திங்களில் சில நாள்கள் மட்டும் ஏதேனும் ஒரு பாலினராவர். யார் எதுவாவார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒருவரே சிலருக்குத் தாயாகவும் சிலருக்குத் தந்தையாகவும் இருக்கலாம். இதிலிருந்து சட்டம், குடும்பம், மதிப்பு, பகை யாவும் கிளைக்கின்றன. கதைக்கு இடையிடையே அம்மக்களின் புராணங்களையும் நாட்டார் கதைகளையும் ஆய்வாளர் குறிப்புகளையும் லெ குவின் வைக்கிறார். தந்தையின் தொழில்முறை மகளின் கலையில் விளங்குகிறது.

ஆயினும் அவர் ஓரிடத்தில் இடறினார். இம்மக்களை ஆண்பாற் சொல்லால் குறித்ததால் அவர்கள் படிப்போர் மனத்தில் ஆடவராகவே நின்றனர். கண்டனம் எழுந்தபோது, 1976-இல் தம் முடிவுக்கு ஆதரவாக எழுதினார். 1987-இல் அக்கட்டுரையையே திருத்தித் தம் கருத்து மாறியதை அறிவித்தார்.

இச்சிக்கல் தமிழில் வேறு உருக்கொள்ளும். தமிழில் வினைமுற்றும் பால் காட்டும். ஆயினும் 'அவர் வந்தார்' என்னும் வழக்கு ஆண், பெண் இருபாலார்க்கும் ஒக்கும். திணையிலும் இடர்ப்பாடு இல்லை. மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையாக எண்ணிய நன்னூல் வேற்றுலகோர்க்கும் இடந்தரும். தடை வருவது வேறோரிடத்தில். கெத்தன் நாட்டு அரசர் கருவுற்ற செய்தி அப்புதினத்தில் வருகிறது. ஆங்கிலத்தில் அவ்வாக்கியம் படிப்பவரைத் திடுக்கிடச் செய்கிறது. தமிழில் 'அரசர்' என்று எழுதினால் இலக்கணம் இசைந்துவிடும், திடுக்கம் மறைந்துவிடும். 'அரசன்' என்று எழுதினால் திடுக்கம் நிற்கும், ஆனால் அம்மக்கள் மீண்டும் ஆடவராகிவிடுவர்.