மவுண்ட் ரோடும் ஓர் ஆர்மீனிய வியாபாரியும்

பதினைந்து வருடமாக சைதாப்பேட்டை வழியாகத்தான் கிண்டி ஆபீசுக்குப் போய் வருகிறேன். அடையாற்றுப் பாலத்தின் ஓரத்தில் ஒரு பழைய கல்வெட்டு இருப்பதைக் கவனித்தது போன வருடம்தான், அதுவும் வண்டி பஞ்சர் ஆனதால்!

தீவுத்திடல் பக்கம் கிளம்பி கத்திப்பாராவில் முடிகிற நம்ம அண்ணா சாலை, கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் வழியாக இருந்தது. மவுண்ட் ரோடு என்ற பேரே அதனால் வந்ததுதான். நடுவில் அடையாறு. அதன் மேல் 1726-ல் பாலம் கட்டியது கம்பெனி இல்லை. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர், மணிலாவோடு வணிகம் செய்தவர், சொந்தக் காசில் கட்டினார். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் உபயம். பராமரிப்புக்குத் தனியாகப் பணமும் ஒதுக்கினார். மர்மலாங் பாலம் என்று பேர். மாம்பலம்தான் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆனது என்பார்கள்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது உஸ்கான் அவர்கள் பக்கம் போக மறுத்தார். சொத்து பறிபோனது. சரி, 1749-ல் ஊர் திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர்கள் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டாமா? ஆர்மீனியர்களும் கத்தோலிக்கர்களும் இனி கோட்டைக்குள் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். 1751-ல் உஸ்கான் இறந்துபோனார்.

இதே ரோட்டில் 1857-ல் கொடூரத்துக்குப் பேர்போன ஜெனரல் நீலுக்கு ஸ்பென்சர் பக்கத்தில் சிலை வைத்தார்கள். 1927-ல் அதை எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம் நடந்து, பலர் ஜெயிலுக்குப் போய், 1937-ல் ராஜாஜி ஆட்சியில்தான் அது மியூசியத்துக்குப் போனது. குதிரை மேல் மன்றோ இன்னமும் தீவுத்திடலில் இருக்கிறார் (அவர் கதை வேறு, நல்ல மனுஷன்). அண்ணாவுக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே, 1968-ல், சிலை திறந்தார்கள். உஸ்கானுக்கு ஒரு தெருப் பெயர்கூட இந்தச் சாலையோரம் என் கண்ணில் படவில்லை.

பழைய பாலம் போய்விட்டது. இப்போது இருப்பது மறைமலையடிகள் பாலம். மிச்சம் அந்தக் கல்தான். நம்மால் படிக்கவும் முடியாது, ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன்! அன்றைக்கு அதை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது பஞ்சர் கடைக்காரர், "ஏதாவது அளவெடுக்குறீங்களா சார், மறுபடி இடிக்கப் போறாங்களா?" என்று கேட்டார்.

உஸ்கானின் கல்லறை வேப்பேரி செயின்ட் மத்தியாஸ் சர்ச் வளாகத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போகணும்.