இஷி சொல்லாத பெயர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி ஹாரி பாட்டர் படித்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, எல்லாரும் அந்த வோல்டமார்ட் பேரைச் சொல்லவே நடுங்குறாங்க. வெறும் பேர்தானே, அதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள். 34 வருஷம் வரலாறு நடத்தியவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா? பாதியிலேயே அவள் எழுந்து ஓடிவிட்டாள். மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

1890-ல் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற அறிஞர் 'கோல்டன் பவ்' என்ற நூலை வெளியிட்டார். உலகெங்கும் உள்ள மந்திரச் சடங்குகளைத் திரட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டே விதிகள்தான் என்றார். ஒன்று, ஒத்தது ஒத்ததை உண்டாக்கும். பொம்மையில் ஊசி குத்தினால் ஆளுக்கு வலிக்கும். இரண்டு, ஒருமுறை ஒட்டியிருந்தது பிரிந்த பிறகும் ஒட்டியே இருக்கும்; வெட்டிய நகமும் உதிர்ந்த முடியும் இன்னும் அந்த ஆள்தான். நம் பாட்டிமார் சீவிய முடியைச் சுருட்டி மறைத்துப் போட்டது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? பெயரும் நகம், முடி மாதிரி உடம்போடு சேர்ந்த ஒன்று என்று பல மக்கள் நம்பியதை ஃபிரேசர் பக்கம் பக்கமாக எழுதினார். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று நம் ஊரில் சொன்னதையும் இந்த வரிசையில் வைக்கலாம். ஒரு குறை சொல்ல வேண்டும். மந்திரத்தைத் தப்பான அறிவியல் என்று தீர்ப்பு எழுதிய ஃபிரேசர், பிறர் எழுதியதைப் படித்துத்தான் எழுதினாரே தவிர, அந்த மக்களோடு போய் வாழ்ந்தவர் இல்லை.

இனிக் கதைக்கு வருகிறேன். 1968-ல், அதாவது ஹாரி பாட்டர் வருவதற்கு 29 வருஷம் முன்னால், உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' என்ற நாவலை எழுதினார். அதிலும் மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டு. ஆனால் அங்கே கோலை ஆட்டுவதைவிடப் பாடம் படிப்பதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு பொருளுக்கும், ஆளுக்கும் ஓர் உண்மைப் பெயர் இருக்கிறது. அது தெரிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் வரும். அதனால் எல்லாரும் வெளியில் வேறு பெயரில் உலவுகிறார்கள். கெட் என்ற நாயகனுக்கு ஒரு நண்பன் தன் உண்மைப் பெயரைச் சொல்கிறான். உயிரையே கையில் கொடுப்பதற்குச் சமமான காரியம் அது. (நீங்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் எனக்கு அப்போதே தெரியும். அதிகாரம் ஒன்றும் வரவில்லை.)

லெ குவினின் முழுப் பெயரில் நடுவே 'கே' என்றோர் எழுத்து வரும். அது குரோபர் என்ற பிறந்த வீட்டுப் பெயர். அப்பா ஆல்ஃபிரட் குரோபர், அமெரிக்க மானுடவியலை நிலைநிறுத்தியவர்களில் ஒருவர். அவர் வாழ்க்கையில் பெயர் சொல்லாத ஒரு மனிதர் உண்டு.

1911 ஆகஸ்ட் 29 அன்று, கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே ஓர் இறைச்சிக் கொட்டகை அருகே, எலும்பும் தோலுமாக ஒருவர் பிடிபட்டார். யாஹி என்ற சிறு இனத்தின் கடைசி மனிதர். 1860-களில் குடியேறிகள் அந்த மக்களைத் துரத்தித் துரத்திக் கொன்றார்கள். தப்பிய சிலர் மலைப் பள்ளத்தாக்குகளில் 40 வருஷம் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1908-ல் நில அளவைக்காரர்கள் அந்த இடத்தையும் கண்டுபிடித்தார்கள். அதன்பின் இவர் மட்டும் மிஞ்சினார்.

குரோபர் அவரைச் சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார். பத்திரிகைக்காரர்கள் பெயர் கேட்டு நச்சரித்தார்கள். யாஹி வழக்கப்படி தன் பெயரைத் தானே அந்நியரிடம் சொல்லக்கூடாது, தன்னைச் சேர்ந்த ஒருவர் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டும். அப்படிச் சொல்ல ஓர் உயிர்கூட மிச்சமில்லை. கடைசியில் குரோபரே 'இஷி' என்று வைத்தார். யானா மொழியில் அதற்கு 'மனிதன்' என்று பொருள். அந்தப் பெயரோடு அவர் வருகிறவர்களுக்கு அம்பு செய்து காட்டினார், கூட்டிப் பெருக்கிச் சம்பளம் வாங்கினார், பாட்டுகளையும் கதைகளையும் பதிவு செய்யக் கொடுத்தார். தன் பெயரை மட்டும் கொடுக்கவில்லை.

1916 மார்ச் 25-ல் காசநோயில் இறந்தார். குரோபர் அப்போது நியூயார்க்கில். உடலை அறுக்கக் கூடாது என்று கடுமையாகக் கடிதம் எழுதினார். கடிதம் வருவதற்குள் அறுத்துவிட்டார்கள். மூளையைத் தனியே எடுத்து வைத்தார்கள். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மறு வருஷம் அதே குரோபர் அந்த மூளையை வாஷிங்டனுக்கு, ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். நண்பன் என்று நினைத்தவர்தான். ஏன் செய்தார்? துக்கமா, பழக்கமா? ஃபிரேசரின் இரண்டாம் விதியை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள், இறந்தவரின் ஒரு துண்டைப் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள்.

லெ குவின் பிறந்தது 1929-ல், இஷி இறந்து 13 வருஷம் கழித்து. இஷியின் வாழ்க்கையை எழுதியவர் அம்மா தியோடோரா. அந்த நூல் 1961-ல் வந்தது. சிறுவர்களுக்காக அவர் அதை மறுபடி எழுதிய நூலை 1964-ல் வெளியிட்டது பர்னாசஸ் என்ற சிறு பதிப்பகம். நாலு வருஷம் கழித்து மகளின் எர்த்ஸீயை வெளியிட்டதும் அதே பர்னாசஸ். இஷியைப் பார்த்துத்தான் அந்த மந்திரம் பிறந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. பெயர் மந்திரம் உலகப் பொதுச் சொத்து. ஆனால் பெயரை மறைப்பது பயத்தால் மட்டும் அல்ல, மானத்தாலும்தான் என்று தெரிந்த வீட்டிலிருந்து வந்த கதை அது. ஹாரி பாட்டரில் பெயர் சொல்லாதது பயம். எர்த்ஸீயில் பெயர் சொல்வது நம்பிக்கை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.

2000-ல் ஸ்மித்சோனியன் அந்த மூளையை யானா வழிவந்த மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. அஸ்தியோடு சேர்த்துப் புதைத்தார்கள். எந்த இடம் என்று வெளியில் சொல்லவில்லை. 2021-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் ஒரு கட்டடத்திலிருந்து குரோபர் பெயரை எடுத்துவிட்டது.

ராத்திரி பேத்தி திரும்பி வந்து, "அவரோட நிஜப் பேர் என்ன தாத்தா?" என்றாள். யாருக்கும் தெரியாதும்மா என்றேன்.

எர்த்ஸீ என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். பழைய புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் அவற்றையும் எடுத்து வாருங்கள், பட்டியல் பத்திரமாக இருக்கிறது.