நினைவக ஒழுங்கும் பரிமாற்ற அளவுச் சோதனையும்

வன்பொருளோடு நேரடியாகப் பேசும் டிரைவர் நிரல்களில் தரவு தொடங்கும் முகவரியையும் அதன் நீளத்தையும் சரிபார்க்கும் முறை. ஆர்ம் கோர்டெக்ஸ்-எம்0 சிப்பில் 4 பைட் எண்ணை 4 ஆல் வகுபடாத முகவரியிலிருந்து படித்தால் பிழை எழுந்து நிரல் தடைபடும். இன்டெல் வகைச் செயலிகள் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வதால், மேசைக் கணினியில் ஓடிய நிரல் சிறு கருவிக்கு மாறும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

செயலியின் தலையீடின்றி வன்பொருளே நினைவகத்தை அணுகும் டிஎம்ஏ வழிப் பரிமாற்றத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 64 பைட் கேஷ் வரி ஒன்றைப் பஃபரும் வேறொரு மாறியும் பகிர்ந்தால், கேஷைச் செல்லாததாக்கும்போது அந்த மாறியின் புதிய மதிப்பு சத்தமின்றி அழியக்கூடும். முகவரியோடு 63 ஐக் கூட்டிக் கடைசி 6 பிட்டுகளைச் சுழியாக்குவது வழக்கமான திருத்தம். பஃபரின் நீளத்தையும் 64 இன் மடங்காக்க வேண்டும்; பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

அளவுச் சோதனையில் தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டிக் கொள்ளளவோடு ஒப்பிடுவது ஆபத்து: 32 பிட்டைத் தாண்டினால் கூட்டுத்தொகை சிறிய எண்ணாகச் சுருண்டுவிடும். தொடக்கம் கொள்ளளவைத் தாண்டவில்லை என்று முதலில் உறுதிசெய்து, எஞ்சிய இடத்தோடு நீளத்தை ஒப்பிடுவதே சரி.

அளவுச் சோதனையே இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, என்விடியா டெக்ரா எக்ஸ்1 சிப்பில் 2018 இல் அம்பலமான குறை சான்று. அதன் தொடக்க நிரல், யுஎஸ்பி வழியே கேட்கப்பட்ட நீளத்தை, 65,535 பைட் வரை, சரிபாராமல் நகலெடுத்தது. அந்தச் சிப்பைக் கொண்ட நின்டெண்டோ சுவிட்ச் கருவியின் பாதுகாப்பு அதனால் உடைந்தது. நிரல் ரோமில் பதிந்திருந்ததால், விற்றுப்போன கருவிகளை மென்பொருள் புதுப்பிப்பால் திருத்த முடியவில்லை.