புண்ணாற்றும் புழுக்கள்

நாட்பட்ட புண்ணிற் புழு நெளிதலைக் கண்டு அருவருப்பெய்தாதார் இலர். அப்புழுவே நலஞ் செய்தலுங் கூடும் என்பதைப் போர்க்களங்கள் காட்டின. நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பில் (1798–1801) படைவைத்தியராயிருந்த லாறே, இலையானின் குடம்பிகள் அழுகிய தசையை மாத்திரம் உண்டு புண் ஆறுதலை விரைவுபடுத்தினமையைக் குறித்து வைத்தார். குறித்தவர் அதனைச் சிகிச்சையாக மேற்கொண்டாரல்லர். காயமுற்ற வீரர்க்கோ அவை பெருந்தொல்லையாகவே தோன்றின.

1917 ஆம் ஆண்டிற் பிரான்சிற் பணிபுரிந்த அமெரிக்க என்புச் சத்திரவைத்தியர் வில்லியம் பேயரிடம் இரு வீரர் கொண்டுவரப்பட்டனர். தொடையென்பு முறிந்து, வயிற்றிலும் பெருங்காயமுற்று, உணவும் நீருமின்றி ஏழு நாட் களத்திற் கிடந்தவர்கள். அத்தகைய முறிவுற்றோருட் பெரும்பாலார் தக்க பராமரிப்பிருந்தும் இறந்துபட்ட காலம் அது. இவர்களுக்கோ காய்ச்சலே இல்லை. ஆடையை அகற்றியபோது காயமெங்கும் ஆயிரக்கணக்கான புழுக்கள்! அவற்றைக் கழுவி நீக்கியதும் அடியில் இளஞ்சிவப்பான புதுத்தசை தோன்றிற்று.

பத்தாண்டுகள் கழிந்த பின்னரே பேயர் அக்காட்சியைப் பயன்படுத்தத் துணிந்தார். போல்ற்றிமோர் நகரில், என்பிற் சீழ்கட்டி நெடுநாள் ஆறாதிருந்த சிறுவரின் புண்களிற் குடம்பிகளை விட்டார். புண்கள் ஆறின. ஆனால் நோயாளர் சிலருக்கு ஏற்புவலி கண்டது; குடம்பிகளோடு கிருமிகளும் புண்ணை அடைந்திருந்தன. பிறராயின் இவ்வளவில் முயற்சியைக் கைவிட்டிருத்தல் கூடும். பேயரோ இலையானின் முட்டைகளை இரசாயனக் கரைசல்களாற் கிருமி நீக்கிக் குடம்பிகளை வளர்க்க வழிகண்டார். புண்ணிற் புழுவின் நன்மையைக் கண்டார் அவர்க்கு முன்னரும் உளர். அதனை நம்பத்தகுந்த மருந்தாக்கிய பெருமை அவருடையதே. 1931 இல் அவர் இறந்த பின், அமெரிக்காவில் முந்நூறுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் அம்முறையைக் கைக்கொண்டன.

குடம்பி மென்று தின்பதில்லை. அது சுரக்கும் நொதியங்கள் இறந்த தசையைக் கரைக்க, அக்கரைசலையே உறிஞ்சுகின்றது. இரண்டு மூன்று நாள் வலைத்துணியின் கீழ் அடைத்து வைத்துப் பின் அகற்றிவிடுவர்.

பெனிசிலின் வந்ததும் இம்முறை வழக்கொழிந்தது. மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகியபோது மீண்டும் நினைக்கப்பட்டது. கலிபோர்ணியாவில் றொனால்ட் ஷேர்மன் இதனைப் புதுப்பித்தார். 2004 இல் அமெரிக்க அரசு அனுமதியளித்தது. எனினும் 2009 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று புகழ்ச்சிக்கு எல்லை வகுத்தது. காற்புண்ணுடைய 267 பேரை ஆராய்ந்ததிற் குடம்பிகள் புண்ணை விரைந்து துப்புரவாக்கின. ஆனால் புண் முற்றாக ஆறுங் காலம் குறையவில்லை, நோவும் மிகுந்திருந்தது.