முதல்ல ஓடுறவங்க

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. ஹெலிகாப்டரும் கமாண்டோவும் வருவதற்கு முன்னாடியே ஊர்ச்சனங்க மேலே ஏறிட்டாங்க. காயம்பட்டவங்களைத் தூளி கட்டித் தூக்கி இறக்கினாங்க.

எங்க காரைக்காலில் மலை கிடையாது, கடல்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் முதல்ல கைகொடுத்தது அக்கம்பக்கத்து ஆளுங்கதான். அதற்குப் பிறகு 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2006-ல் தேசியப் பேரிடர் மீட்புப் படை. நல்ல படைதான். ஆனா அரக்கோணம் முகாமிலிருந்து இங்கே வந்து சேரப் பல மணி நேரம் ஆகுமே!

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மீட்கப் போன மீனவர் படகுக்கு, நாளுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாகக் கேரள அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனாலும் வெள்ளம் வந்தபிறகு கொடுப்பது பாதிதான். மலையோரம், கடலோரம் ஊருக்குப் பத்துப் பேருக்குப் பயிற்சி, கயிறு, ஸ்ட்ரெச்சர், காப்பீடு எல்லாத்துக்கும் பேரிடர் நிதியிலிருந்து வருஷா வருஷம் ஒதுக்கணும் என்பேன். விதைநெல்லுக்குக் காசு போடாம அறுப்புக்கு அரிவாளோட நின்னா எப்படிங்க?